ரப்பர் தார்

காசிமேடு ஐஸ் கம்பெனி வாசலில் இருந்து மீன்பிடித் துறைமுக கேட் வரைக்கும் நாங்கள் போட்ட ரோடு இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வாதாட வர வேண்டாம். மூன்று கோடை பார்த்துவிட்டது. கன்டெய்னர் ட்ரெய்லர்கள் நாள்கணக்கில் அதன்மேல் நின்று பார்த்துவிட்டன. பள்ளம் இல்லை, வெடிப்பு இல்லை. அதன்மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

என் பேர் அசோகன். வீடு வியாசர்பாடி. அந்த வேலை நடந்தபோது காண்ட்ராக்டர் சுப்புராஜிடம் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தேன். மணலிக்கு அந்தப் பக்கம் அவருடைய பிளான்ட். அங்கே ஜல்லியையும் தாரையும் சுடச்சுடக் கலந்து எங்கள் தொட்டியில் கொட்டுவார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாகக் கொண்டுவந்து காசிமேட்டில் பேவர் மெஷினில் கவிழ்க்க வேண்டும். மெஷின் அதைப் பரப்பும், பின்னாலேயே ரோலர் ஏறும். என் வண்டியில் கிளீனர் அன்பரசன், என் மனைவி ராஜாத்தியின் தம்பி. முப்பது வயதைத் தாண்டியவன். பெண் பார்த்து முடித்திருந்தார்கள், சித்திரையில் கல்யாணம். அதற்குள் நிரந்தரமாக ஒரு வேலையில் நிற்கட்டும் என்று ராஜாத்திதான் அவனை என்னோடு அனுப்பினாள்.

ஷிபின் வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழித்து. மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். எஞ்சினியர். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் வாய் நிறைய "அசோகன்" என்றுதான் கூப்பிடுவான். அண்ணே கிடையாது, டிரைவரே கிடையாது. முதல் நாளே என் தொட்டியில் ஏறி ஒரு நீளமான ஊசியைக் கலவைக்குள் சொருகினான். ஊசியின் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். அதைப் பார்த்துவிட்டு, "சூடு போயிட்டு. திருப்பிக் கொண்டுபோங்க" என்றான். மணலியில் இருந்து அந்த ட்ராஃபிக்கில் உயிரைக் கொடுத்து ஓட்டி வந்த லோடு. அந்த நிமிஷத்தில் இருந்து அவனை எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்துக்கொள்ள அவனும் முயற்சி செய்யவில்லை.

அந்த ரோட்டுக்கு ஒரு சாபக்கேடு இருந்தது. பக்கத்துப் பெரிய துறைமுகத்துக்குள் போக ட்ரெய்லர்கள் வரிசையில் நிற்கும். சித்திரை வெயிலில் தார் இளகும், இளகிய தாரின் மேல் அத்தனை கனமும் அசையாமல் நிற்கும், சக்கரம் நின்ற இடமெல்லாம் வாய்க்கால் ஆகும். ஐஸ் கம்பெனி வாசலிலோ இதற்கு நேர் எதிர். விடியலில் ஐஸ் பாளங்களை ரோட்டில் இழுத்துப் போட்டு உடைப்பார்கள். உப்புத் தண்ணீர் எந்நேரமும் ஓடும். குளிர்ந்து விறைத்த தாரின் மேல் லாரி ஏறினால் மயிர் மாதிரி கோடு விடும், கோட்டில் தண்ணீர் இறங்கும், அடுத்த வாரம் ஜல்லி கையோடு வரும். ஒரே ரோடு, ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஐஸ் பெட்டி. வருஷா வருஷம் போடுவோம், வருஷா வருஷம் போகும்.

இதற்கு மருந்து என்று ஷிபின் கொண்டுவந்ததுதான் ரப்பர் தார். பழைய டயரை மாவாக அரைத்து, தாரில் போட்டுக் கொதிக்க வைப்பது. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு ரப்பர் தார்.

ஒரு நாள் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து வித்தை காட்டினான். உருண்டையாக அச்சில் அடித்த நாலு கட்டிகள். இரண்டு பழைய தார், இரண்டு ரப்பர் தார். பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் தகரத்தின் மேல் வைத்து, கீழே மண்ணெண்ணெய் அடுப்பை மட்டாக எரியவிட்டு, மேலே சம எடையில் இரும்புக் குண்டுகளை ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் பழைய தார்க் கட்டி இட்லி மாதிரி அமுங்கிப் பரந்தது. ரப்பர் தார் அப்படியே நின்றது. மற்ற இரண்டையும் முந்தின நாளே ஐஸ் கம்பெனியில் உப்பு ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தான். எடுத்து ஒவ்வொன்றின் மேலும் சுத்தியலால் ஒரு அடி போட்டான். பழையது பிஸ்கட் மாதிரி உடைந்தது. ரப்பர் தாரில் ஒரு வடு விழுந்தது, அவ்வளவுதான்.

"வெயிலுக்கு இளகாது, குளிருக்கு வெடிக்காது. வெளங்கிச்சா?" என்றான்.

"மெட்ராஸ்ல ஏது சார் குளிரு" என்றார் ராசையா. எங்களில் மூத்த டிரைவர் அவர்.

"ஐஸ் கம்பெனி வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க, தெரியும்."

ராசையா சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஷிபின் சிரிக்கவில்லை. அவன் எங்களுக்கு வேடிக்கை காட்ட வரவில்லை, உத்தரவு போட வந்திருந்தான். "இந்தத் தார் பழசு மாதிரி இல்ல. இன்னும் அதிக சூட்டுல ஏத்தணும், சூடு ஆறுறதுக்குள்ள ரோலர் ஏறணும். அப்புறம், நாளையில இருந்து தொட்டியில டீசல் ஊத்தக் கூடாது."

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

டிப்பர் ஓட்டுகிறவர்களுக்கு டீசல் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. லோடு ஏற்றுவதற்கு முன்னால் தொட்டியின் தரையிலும் சுவரிலும் ஒரு வாளி டீசலை விசிறிவிடுவோம். கலவை ஒட்டாது. தொட்டியைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். டீசல் இல்லையென்றால் ஒட்டும். ஒட்டினால், சரிந்து நிற்கும் தொட்டிக்குள் ஒருவன் கடப்பாரையோடு ஏறிக் குத்தித் தள்ள வேண்டும். காலுக்குக் கீழே கொதிக்கிற கலவை, காலில் ரப்பர் செருப்பு. டீசல் எங்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை, அது எங்கள் கால்.

ஷிபினின் கணக்கு வேறு. டீசல் தாரைக் கரைக்கும். தொட்டியில் ஊற்றியது கலவையோடு ரோட்டுக்குள் போகும். போன இடம் எந்தக் காலத்திலும் இறுகாது, முதல் வெயிலிலேயே அமுங்கும். அதுவும் சரிதான். ஆனால் ரப்பர் தார் பழைய தாரைவிட இரண்டு பங்கு ஒட்டும் என்பதும் சரிதானே. குறைவாக ஒட்டுகிற தாருக்கே டீசல் ஊற்றியவர்களிடம், இன்னும் ஒட்டுகிற தாரைக் கொடுத்து டீசலைப் பிடுங்கினால் எப்படி?

டீசலுக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்தான். பிளான்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்றால் அது போதும். எங்கள் லோடு மணலியில் இருந்து வர வேண்டும். எர்ணாவூர் தாண்டினால் ட்ரெய்லர் வரிசை. ஒதுங்கவும் இடமில்லை, ஒதுங்கச் சொன்னால் கேட்கிறவனும் இல்லை. துறைமுக கேட் திறந்தால் நகரும், மூடினால் நிற்கும். தை மாதத்துக் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். தார்ப்பாய் போட்டு மூடினாலும் சுவரோரக் கலவை ஆறி, தொட்டியோடு கல்யாணம் செய்துகொள்ளும்.

"ட்ரெய்லர் வரிசைய நான் என்ன செய்ய முடியும்?" என்றான் ஷிபின்.

"அப்போ ஒட்டுறத நாங்க இன்னா சார் பண்ண முடியும்?" என்றேன்.

"குத்தித் தள்ளுங்க. அதுக்குத்தான கிளீனர்."

அன்பரசன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

ஒரு வாரம் அன்பரசன் ஏறி ஏறிக் குத்தினான். பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். எங்களோடு வருவதற்கு முன்னால் அவன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுகளில் வேலை பார்த்தவன். மரப் படகுக்கு உடம்பு முழுக்க மீன் எண்ணெய் பூசுவார்கள். தண்ணீர் ஒட்டாது, பூச்சி ஏறாது. ஒரு தகர டின் நிறையக் கொண்டுவந்து வண்டிக்குள் வைத்தான்.

"மாமு, டீசல்தானே ஊத்தக் கூடாதுன்னான்? இத்த ஊத்தக் கூடாதுன்னு சொல்லலியே."

"நாறும்டா."

"நாறுனா இன்னா? காசிமேட்ல நாறாதது எது கீது?"

பூசினோம். அடடா, என்ன சொல்வது. தொட்டியைத் தூக்கியதும் லோடு வெண்ணெய் மாதிரி இறங்கியது. ராசையா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் அவரும் ஒரு டின் வாங்கினார். இரண்டு நாளில் எல்லா வண்டியிலும் மீன் எண்ணெய். ஷிபின் ஊசியைச் சொருகினான், சூடு பார்த்தான், தலையாட்டினான். மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாசனை வந்தால் யார் கேட்பார்கள்? அவனை ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அன்றைக்குச் சாயங்காலம் நானும் அன்பரசனும் ஆளுக்கு இரண்டு பிளேட் சுண்டல் சாப்பிட்டோம்.

காட்டிக் கொடுத்தது பூனை. கலவையின் சூட்டில் வெந்த மீன் எண்ணெய் ரோட்டில் வறுத்த மீனாக மணக்கும் என்று யாருக்குத் தோன்றும்? காலையில் ஷிபின் வந்தபோது, புது ரோட்டில் மீன் எண்ணெய் பூசிய லோடு விழுந்த இடங்களில் மட்டும் காசிமேட்டுப் பூனைகள் அத்தனையும் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன. மேலே காக்காய். மற்ற இடத்தில் ஒரு பூனைகூட இல்லை. அவன் குனிந்து முகர்ந்தான். கட்டைவிரலால் அழுத்தினான். விரல் பதிந்தது.

கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சுப்புராஜுக்குப் போன் போட்டான். அவர் கார் வந்து நின்றது. தூத்துக்குடிக்காரர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூனைகளுக்கு நடுவில் நடந்து பார்த்தார்.

"எந்தப் பயவுள்ள வேல இது?"

அன்பரசன்தான் ஒரு அடி முன்னால் வந்தான். "நான்தாங்க. கால் வேகுது. அதான்."

"ஒங் கால் வேகுதுன்னா என் ரோட்ட நாறடிப்பியால?"

அந்தப் பகுதி முழுவதையும் நாங்களே கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம். பெயர்த்து முடித்ததும் சுப்புராஜ் சொல்லிவிட்டார்: இனிமேல் தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீர் தவிர ஒரு சொட்டு வேறு எது இருந்தாலும், வண்டியில் வந்த இருவருக்கும் வேலை கிடையாது. அன்பரசன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவிடம் சிரித்துக்கொண்டே பூனைக் கதையைச் சொன்னான். ராஜாத்தி சிரிக்கவில்லை.

"கல்யாணம் வர்ற வரிக்கும் பேஜாரு பண்ணாம இருடா" என்றாள். என்னைப் பார்த்து, "நீதான் பெரிய மனுசன். நீ பாத்துக்கோ" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ட்ரெய்லர் வரிசை எர்ணாவூரிலேயே பிடித்துக்கொண்டது. காசிமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது, ஆனால் கலவையின் ஓரம் செத்துவிட்டது. ஷிபின் நடுவில் ஊசியைச் சொருகினான். "உள்ள சூடு இருக்கு. கவுத்துங்க." தொட்டியைத் தூக்கினேன். பின்பாதி இறங்கியது. முன்பாதி சுவரோடு ஒட்டிக்கொண்டு மலை மாதிரி நின்றது. அன்பரசன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினான். தொட்டியைத் தூக்கும் லிவரை நான் அசைக்கவே இல்லை, அது சத்தியம். அவன் மூன்று முறை குத்தினான். நான்காவது குத்தில் அது அடியோடு பெயர்ந்தது. மேலே தோல் மாதிரி ஆறியிருந்ததே தவிர, உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. உடைந்து அவன் மேல் சரிந்து, முழங்கால் வரை அவனை மூடி, தொட்டியின் வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது.

அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பிடித்து இழுத்தபோது செருப்பு வரவில்லை. தாரோடு உருகிப் போயிருந்தது. ஐஸ் கம்பெனி ஆட்கள் பாளத்தை உடைத்து அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஐஸ் வைக்காதீங்க" என்று ஷிபின் ஓடி வந்தான். "வெறும் தண்ணி. ஊத்திக்கிட்டே இருங்க. தாரைப் பிடுங்காதீங்க, தோலோட வந்துரும்."

நான் அவனைத் தள்ளினேன். விழுந்து எழுந்து வந்து மறுபடியும் அதையே சொன்னான். கடைசியில் தண்ணீர்தான் ஊற்றினோம். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் சொன்னார்: ஐஸ் வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், தாரைப் பிடுங்காமல் கொண்டுவந்தது நல்லது. அதிலும் அந்தப் பயல் சொன்னதுதான் சரி. அதற்காகவும் சேர்த்து அவனை வெறுத்தேன்.

கால் பிழைக்கும், நடை எப்படி என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ராஜாத்தி வார்டு வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன நம்பித்தானே அனுப்புனேன். எவன் ஏறச் சொன்னான்? அவன் ஏறுவானா அதுல? அவன ஏறச் சொல்லு பாப்போம்."

அது எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து நேராக ராசையா வீட்டுக்குப் போனேன். மற்ற டிரைவர்களும் வந்தார்கள். நாளைக்கு யார் வண்டியில் ஒட்டினாலும் எங்களில் ஒருத்தரும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். எஞ்சினியர் ஏறட்டும். அவன் ஏற மாட்டான், யார்தான் ஏறுவார்கள்? ஏறாவிட்டால் டீசல் ஊற்ற எங்களை அனுமதித்துத்தான் ஆக வேண்டும். பேண்ட் சட்டை போட்ட ஒருத்தன் பத்துப் பேர் முன்னால் முடியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் எங்களை ஏறச் சொல்ல அவனுக்கு வாய் ஏது? இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ராசையா உட்பட யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் எனக்கு கிளீனர் இல்லை. தனியாகத்தான் லோடு கொண்டுவந்தேன். வரிசையில் நின்றேன். வேண்டுமென்றே நிற்கவில்லை, வரிசைதான் நிறுத்தியது. ஷிபின் ஊசியைச் சொருகினான். "போடலாம்" என்றான். தொட்டியைத் தூக்கினேன். நேற்று மாதிரியே முன்பாதி ஒட்டிக்கொண்டு நின்றது.

என்ஜினை ஓடவிட்டு இறங்கினேன். அன்பரசனின் கடப்பாரையை எடுத்து ஷிபினின் காலடியில் போட்டேன். மற்ற டிரைவர்கள் வண்டிகளை விட்டு இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். பேவர் மெஷின் ஆட்கள், ஐஸ் கம்பெனி ஆட்கள், மீன் கூடைக்காரிகள், எல்லோரும் நின்றார்கள்.

"இன்னா இது?" என்றான் ஷிபின். எங்கள் பேச்சு அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏறு சார். என் மச்சான் ஏறுனான்ல. நீ ஏறு."

"அது என் வேல இல்ல."

"அவன் வேலையும் இல்ல. தாலி கட்டப் போறவன். ஏறு, இல்லாங்காட்டி டீசல் ஊத்துறோம்னு எங்களாண்ட சொல்லிட்டு வூட்டுக்குப் போ."

"சார், வாயால சொன்னா போதும்" என்றார் ராசையா பக்கத்தில் இருந்து. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

ஷிபின் தொட்டியைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் நன்றாகப் பார்த்தேன். எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்க மாட்டேன். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி பேண்ட் பாக்கெட்டில் போட்டான். குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கம்பியில் கால் வைத்து ஏறினான்.

நான் கேபினுக்குள் போய் உட்கார்ந்தேன். கை லிவரின் மேல் இருந்தது. பின்கண்ணாடி வழியாக அவன் தோள் தெரிந்தது. ஒரு இழுப்பு. தொட்டி ஒரு முழம் எழுந்தால் போதும், மலை மொத்தமும் அவன் மேல்தான். நேற்று அன்பரசன் போட்ட சத்தத்தை இவனும் போடுவான். நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன். நல்லவன் என்பதால் நான் சும்மா இருக்கவில்லை. ஆசைக்கும் கைக்கும் நடுவில் ஏதோ ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

அப்போது மேலே இருந்து அவன் குரல் வந்தது. "அசோகன், இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

எனக்குக் கேட்டது உண்மைதானா என்று இருந்தது.

"மெதுவா தூக்குங்க. நான் சுவரப் பிடிச்சிருக்கேன்."

வெளியில் மீன்காரி ஒருத்தி, "வேணாம்பா, படிச்ச புள்ளப்பா" என்றாள். நேற்று ஏறியவனுக்கு அவள் அதைச் சொல்லவில்லை. நான் லிவரை இழுத்தேன், நூல் நூலாக இழுத்தேன். தொட்டி எழுந்தது. அவன் ஒரு கையால் பக்கச் சுவரைக் கட்டிக்கொண்டு, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையால் கடப்பாரையை ஒட்டிய இடத்தின் ஓரத்தில் செருகி நெம்பினான். மலை பெயர்ந்தது. புகையோடு அவனுக்குக் கீழே ஓடி, மெஷினில் போய் விழுந்தது. அவன் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்தான். ஒரு ஷூவின் அடித்தோல் பாதி உரிந்து தொங்கியது. சட்டைக் கையில் தார். கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு முறை ஏறி இறங்கியவன், அந்தச் சூட்டைக் காலில் வாங்கியவன், இனி என்ன சொல்வான்? எனக்கு அவன் மேல் லேசாக இரக்கம்கூட வந்தது.

எழுந்தான். ஊசியை எடுத்துக் கொட்டிய கலவையில் சொருகிப் பார்த்தான்.

"சூடு இருக்கு. ரோலர ஏத்துங்க" என்றான். பிறகு எங்களிடம் திரும்பினான். "பாத்தீங்கல்லா? நடுவுல நிக்கக் கூடாது. சுவரப் பிடிச்சுக்கிட்டு ஓரத்துல இருந்து நெம்பணும். செருப்புப் போட்டு ஏறக் கூடாது, எல்லாருக்கும் ஷூ வாங்கச் சொல்றேன். டீசல் கிடையாது."

ராசையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டார். "ஏறிக் காட்டிட்டான்ப்பா" என்றார். அதற்குள் சுப்புராஜுக்குச் சேதி போய்விட்டது. காரில் வந்து இறங்கியவர், ஷிபினின் தோளில் தட்டிவிட்டு என்னிடம் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"படிச்ச எஞ்சினியரே ஏறியாச்சு. இனி ஒங்களுக்கு என்னடே? நாளைக்கி ஷூ வந்துரும். ஏற மாட்டேம்னு எவனாவது சொன்னா, அவன் வண்டிச் சாவிய வச்சிட்டுப் போயிரட்டும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்பரசன் இரண்டு காலிலும் வெள்ளைக் கட்டோடு மருந்து மயக்கத்தில் படுத்திருந்தான். ராஜாத்தி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியில் வந்தாள்.

"ஏறச் சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏறுனானா?"

"ஏறுனான்."

"இன்னா ஆச்சு அவனுக்கு?"

"ஒண்ணும் ஆவல. ஷூ போட்டுகினு கீறான்ல."

"டீசலு?"

"கெடையாதுன்ட்டான்."

அவள் கையில் இருந்த விசிறியைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள்.

"தம்பி இங்க படுத்துகீறான். அப்போ நாளிக்கு உன் வண்டில எவன் ஏர்றது?"

வண்டியில் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

"அவன ஏத்துறேன்னு போயி உன்ன நீயே ஏத்திகினு வந்துகீற" என்றாள். கத்தாமல், வார்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னாள். பிறகு உள்ளே போய்த் தம்பிக்கு விசிற ஆரம்பித்தாள்.